சிங்கத்தின் கையில் இருப்பது என்ன கத்தி?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சுதந்திர தினத்துக்கு முந்திய வாரம் ஏழாம் தரப் பிள்ளைகளுக்குத் தேசியக் கொடி வரையக் கொடுத்திருந்தேன். வருடா வருடம் செய்கிற வேலைதான். செம்மஞ்சள் பட்டி தமிழருக்கு, பச்சைப் பட்டி முஸ்லிம்களுக்கு, நாலு மூலையிலும் அரசிலை என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் கோடு போட்டேன். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், சிங்கம் கையில பிடிச்சிருக்கிறது என்ன கத்தி?"

நான் வாய் திறக்க முன்னே பின்னால் இருந்து ஒரு குரல். "மன்னாக்கத்திடீ!"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன், எனக்கும் அதன் பெயர் தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாகக் கொடி வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். பட்டிக்கு அர்த்தம் தெரியும், இலைக்கு அர்த்தம் தெரியும். நடுவில் நிற்கிற சிங்கத்தின் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை. "வாள், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பிள்ளையின் முகத்தில் திருப்தி இல்லை.

தேடிப் படித்ததில் கிடைத்த விடை: அதன் பெயர் கஸ்தானே. இலங்கைக்கே உரிய வாள். நீளம் குறைவு, அலகு லேசாக வளைந்திருக்கும், ஒரு பக்கம்தான் கூர். ஆனால் கஸ்தானேயை அலகை வைத்து அடையாளம் காண முடியாது. பல கஸ்தானேகளின் அலகு ஐரோப்பாவில் அடிக்கப்பட்டது. ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை குத்திய அலகுகளும் உண்டு. அடையாளம் பிடியில் இருக்கிறது. பிடியின் தலைப்பில் வாய் பிளந்த ஒரு விலங்குத் தலை. கைவிரலைக் காக்க வளைந்து வருகிற கம்பியின் நுனியிலும், குறுக்குக் கம்பிகளின் நுனியிலும் அதே மாதிரிச் சின்னச் சின்னத் தலைகள். வெள்ளி, பித்தளை, பொன்முலாம் என்று ஆளின் தரத்துக்கு ஏற்ப வேலைப்பாடு. கண்ணுக்குச் சிவப்புக் கல் பதித்தவையும் இருக்கின்றன. (இரத்தினபுரி ஆட்கள் இதை வாசித்ததும் "என்ன கல்? சூடு போட்டதா?" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது நானா.)

அந்தத் தலை என்ன விலங்கு என்பதில்தான் சுவாரசியம். பெரும்பாலும் சிங்கம் என்பார்கள். சிலவற்றைப் பார்த்தால் மகரம் என்று சொல்லத் தோன்றும். சிங்களக் கலைஞர்கள் "சேரபெந்திய" என்று ஒரு கற்பனை உயிரைச் சொல்கிறார்கள், அதுவும் பிடிகளில் வரும். நம் தோட்டத்துக் கோயில் பூசகரிடம் படத்தைக் காட்டினேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "இது யாளி சேர்" என்றார். நாலு பேரிடம் காட்டினால் நாலு பெயர். ஒருவர் சொன்னதையும் பொய் என்று தள்ள முடியாது. ஒரே சிற்ப மரபுக்குள் இருந்துதான் எல்லாரும் பேசுகிறார்கள்.

"கஸ்தானே" என்ற சொல்லே போர்த்துக்கீசச் சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. கைத்தடியின் செதுக்கிய தலைப்பூணுக்கு அவர்கள் மொழியில் வழங்கிய சொல் அது. அப்படியானால், கொடியில் சிங்களச் சிங்கம் தூக்கிப் பிடித்திருக்கிற வாளுக்குப் போர்த்துக்கீசப் பெயர், ஐரோப்பிய அலகு, இந்த மண்ணின் பிடி. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் முதலியார்மார் இதை இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். சண்டைக்குக் கொண்டுபோனதை விடப் பதவிக்குக் கட்டியதுதான் அதிகம்.

இதெல்லாம் நல்ல பொது அறிவு, பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இவ்வளவு பெரிய பதிவு என்று நினைப்பீர்கள். என்னோடு படிப்பிக்கிற ஒரு நண்பரும் அப்படித்தான் சொன்னார். கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "சேர், நீங்க ஒரு முஸ்லிம் வாத்தியார். வாளைப் பற்றி பேஸ்புக்கில் எழுதாதீங்க. ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுவாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கறையில்தான் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

2019 ஏப்ரல் 21-க்குப் பிறகு வந்த வாரங்களை எல்லோரும் மறந்திருக்க மாட்டீர்கள். தேவாலயங்களில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி நாங்களும்தான் அழுதோம். பிறகு தேடுதல் தொடங்கியது. மே மாதத் தொடக்கத்தில், வாள், பெரிய கத்தி வைத்திருப்பவர்கள் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அன்றாட வேலைக்குப் பாவிக்கிற கத்திகளுக்கு விலக்கு என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. ஆனால் எது வாள், எது பெரிய கத்தி, எது அன்றாடக் கத்தி என்று யார் சொல்வது? ஒவ்வொரு வீட்டிலும் இரவில் இதே கேள்விதான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உள்ஹிய்யா அறுக்கிற கத்தி பதினான்கு அங்குலம் இருக்கும். வருடத்தில் மூன்று நாள்தான் வெளியே வரும். அது "அன்றாட" வேலையா?

தொலைக்காட்சியில் மேசை மேல் பரப்பிக் காட்டினார்கள். நான் அந்தப் படங்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அதில் உண்மையிலேயே ஆளை வெட்டச் செய்த வாள்களும் இருந்தன, மறுக்கவில்லை. அதே மேசையில் இறைச்சிக் கத்தியும் இருந்தது, காடு வெட்டுகிற கத்தியும் இருந்தது. கீழே ஓடிய எழுத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: வாள்கள்.

என் சின்ன வயதில் நான் தொழுத பள்ளிவாசலில், ஜும்ஆ நாளில் கத்தீப் மிம்பரில் ஏறும்போது கையில் ஒரு மரவாளைப் பிடித்துக்கொள்வார். சில ஊர்களில் அசா என்கிற தடி, எங்கள் ஊரில் வாள் வடிவம். பலா மரத்தில் செய்தது. பிடியில் மட்டும் யாரோ ஒரு பாஸ் பூவேலை செதுக்கியிருந்தார், அலகில் ஒரு கோடு கூட இல்லை. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வயதுப் பையன்களுக்கு ஆசை. 2019-க்குப் பிறகு போனபோது அது இல்லை. கேட்டேன். "விறகாக்கிட்டோம்" என்று சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரத்தால் ஆன ஒரு பொருளை "வாள்" என்று நாங்களே அழைத்துப் பழகியிருந்தோம். அந்தச் சொல்லை அந்த மாதத்தில் யாருக்கு விளக்க முடியும்?

அதே மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு பெண் உடுத்திருந்த உடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது. அதைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டு அவரைக் கைது செய்து விளக்கமறியலில் வைத்தார்கள். சக்கரத்துக்குச் சக்கரம் வித்தியாசம் பார்க்கத் தெரியாததால் ஒரு குடும்பம் பட்ட பாடு அது. எது எது என்று பார்த்துச் சொல்வது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று இனியும் யாராவது என்னிடம் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இப்போது என் வீட்டுக் கதை. மூத்தாப்பா தோட்டத்து எல்லையில் சின்னக் கடை வைத்திருந்தவர். அவர் வைத்திருந்த ஒரு கத்தி எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் துணியில் சுற்றிக் கிடந்தது. முழங்கையளவு கூட நீளமில்லை. அலகு அடியில் தடித்து, மேல் விளிம்பில் ஏதோ மஞ்சள் உலோகக் கோடு ஓடும். பிடி கறுப்புக் கொம்பு. கொடி மாதிரிச் சுருண்டு சுருண்டு செதுக்கியிருக்கும், நுனி கீழ்ப்பக்கம் வளையும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாப்பா "கடனுக்கு ஈடா யாரோ வச்சிட்டுப் போனது" என்பார். பெயர்? "அப்பாட கத்தி." அவ்வளவுதான்.

2019 மே மாதத்தில் ஓர் இரவு உம்மா அதை எடுத்துக்கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டா. எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னா. "வச்சிருந்து என்ன வாப்பா செய்ய, நிம்மதியா தூங்கணுமே."

போன வருடம் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போயிருந்தேன். ஒல்லாந்து திருப்பித் தந்த பொருட்களைப் பார்க்கத்தான் போனேன். உங்களில் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள்: 1765-இல் ஒல்லாந்தக் கம்பனிப் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போனவை, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருந்தவை. 2023 டிசம்பரில் ஆறு பொருட்கள் திரும்பி வந்தன. லெவ்கே திசாவை கண்டி மன்னருக்குக் கொடுத்த சின்னப் பீரங்கி, பொன் வேலைப்பாடுள்ள ஒரு கஸ்தானே, வெள்ளிக் கஸ்தானே ஒன்று, ஒரு கத்தி, இரண்டு பெரிய துவக்குகள். யாருடைய பொருள், எங்கே எடுத்தது என்று அங்கேயும் இங்கேயும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து அடையாளம் கண்ட பிறகுதான் திரும்பி வந்தன. அடையாளம் காண முடியாமல் போயிருந்தால் அவை அங்கேயே "கீழைத்தேய ஆயுதம்" என்று ஒரு கண்ணாடிக்குள் இருந்திருக்கும்.

கண்டிக் காலக் கத்திகளைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. சிங்களத்தில் "பிஹியா கெத்த" என்கிறார்கள். தடித்த அலகு, அடிப்பகுதியில் பித்தளையும் வெள்ளியும் பதித்த வேலை, கொம்பிலோ தந்தத்திலோ கொடி வேலை செய்த பிடி, நுனி கீழே வளைந்து. கண்டி அரசனுக்கு என்றே நான்கு பட்டறைகள் இருந்தன, "பட்டல் ஹத்தர" என்பார்கள். இதில் சிறந்தவை அங்கே செய்யப்பட்டவை. சில உறைகளில் கத்தியோடு ஓர் எழுத்தாணியும் செருகியிருக்கும். ஓலையில் எழுத வேண்டிய அதிகாரியின் இடுப்புக்கு அது. கத்தியும் பேனையும் ஒரே உறையில்.

எங்கள் வீட்டுக் கத்தி அதுதானா? சொல்ல மாட்டேன். ஊர்க் கொல்லன் அதைப் பார்த்துச் செய்த சாதாரணப் பிரதியாகவும் இருந்திருக்கலாம். பிடியின் வளைவு, பதித்த உலோகம், அலகின் தடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரிந்திருக்கும். பார்ப்பதற்குப் பொருள் இல்லை. ஒரு படம் கூட இல்லை.

பெயர் தெரிந்திருந்தால் உம்மா அதை ஆற்றில் போட்டிருக்க மாட்டாவா? நான் நூறு தரம் என்னையே கேட்டேன். போட்டிருப்பா என்றுதான் நினைக்கிறேன். பயந்த வீட்டில் பெயர் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் "இது பிஹியா கெத்த, கண்டிக் காலத்துப் பொருள், நூதனசாலையில் கொடுக்கிறோம்" என்று சொல்ல ஒரு வழியாவது இருந்திருக்கும். "அப்பாட கத்தி" என்று மட்டும் தெரிந்த பொருளுக்கு அந்த மாதத்தில் ஒரு வழியும் இருக்கவில்லை.

நம் முன்னோர் இந்த விஷயத்தில் இவ்வளவு அசட்டையாக இருந்தவர்கள் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-கிந்தியைத் தத்துவ ஞானி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் அப்பாஸிய கலீபா ஒருவருக்காக வாள்களையும் அவற்றின் இனங்களையும் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். எஃகு எங்கிருந்து வந்தது, எங்கே அடிக்கப்பட்டது, மேற்பரப்பில் ஓடும் நீர்க்கோடு எப்படி இருக்கும் என்றெல்லாம் பார்த்து வகை பிரிக்கிறார். யெமன் வாள், இந்திய வாள் என்று போகிற அந்தப் பட்டியலில் "சரந்தீபி" என்று ஒரு வகை இருக்கிறது. சரந்தீப் என்றால் நம் நாடு.

இதைப் படித்தபோது முதலில் நான் நம்பவில்லை. இலங்கையில் வாள் அடிக்கிற அளவுக்கு எஃகு எங்கே? விடை நம் மாகாணத்துக்குள்ளேயே இருந்தது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ. அணை கட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்த கில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் வரிசையாகப் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். துருத்தியே இல்லாமல், ஆனி ஆடியில் அடிக்கிற தென்மேற்குப் பருவக்காற்றை நேரே உலைக்குள் வாங்கி இரும்பை உருக்கியிருக்கிறார்கள். அதே மாதிரி ஓர் உலையைத் தானும் கட்டி எரித்துக் காட்டினார். 7-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை இந்த வேலை நடந்திருக்கிறது. 1996-இல் "நேச்சர்" இதழில் அவர் இதை எழுதினார். ஜெய்லானிக்குப் போன எல்லோருக்கும் அந்தப் பக்கத்துக் காற்றைத் தெரியும். தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவோம். அந்தக் காற்றில் இரும்பு உருக்கினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெரியவர்களும் பெயரில் தவறுவார்கள். ஆனந்த குமாரசுவாமி, நம் தமிழர், கனிய அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தபோது பலாங்கொடைப் பக்கத்துக் கல் மண்ணில் கிடைத்த கறுப்பான கனமான ஒரு கனியத்தை 1904-இல் யுரேனினைட் என்று எழுதினார். பிறகு இலண்டனில் சோதித்த டன்ஸ்டன் அது புதிய கனியம் என்று கண்டு தோரியனைட் என்று பெயரிட்டார். அதே குமாரசுவாமிதான் 1908-இல் வெளிவந்த "மத்தியகாலச் சிங்களக் கலை" என்ற நூலில் கண்டிக் கைவினைஞர்களின் வேலைகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவைத்தார். கல்லைப் பரிசோதனைச்சாலை அடையாளம் காணும். பிடியில் செதுக்கிய கொடிக்கு என்ன பெயர் என்று செதுக்கியவனிடம்தானே கேட்க வேண்டும். அவர் கேட்டார்.

கேட்காமல் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொஞ்சம் தூரம் போகிறேன். சவூதியிலும் குவைத்திலும் வேலை செய்துவிட்டு வந்த நம் சகோதரிகளுக்குப் பிலிப்பைன்ஸ் பெண்களை நன்றாகத் தெரியும், ஒரே வீட்டில் சமைத்திருப்பீர்கள். அவர்கள் நாட்டின் தெற்கில் மிந்தனாவோ, சூலு பக்கம் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அவர்களின் வாள்களும் கஸ்தானே மாதிரியே பிடியை வைத்துத்தான் அடையாளம் காணப்படுகின்றன. நுனியை நோக்கி அகலமாகப் போகிற நீண்ட வாள் கம்பிலான். அதன் பிடி இரண்டாகப் பிளந்து வாய் திறந்த மாதிரி இருக்கும். சிலர் முதலை என்கிறார்கள், சிலர் நிலாவை விழுங்கும் பக்குனாவா என்ற பாம்பு என்கிறார்கள். (நமக்கு ராகு கேது மாதிரி.) இலை வடிவக் கத்தி பாரோங், அதன் பிடியில் கொக்கட்டூ கிளியின் கொண்டை. 1521-இல் மக்தான் தீவில் மகல்லனை வெட்டிச் சாய்த்தபோது கூட இருந்த பிகபெத்தா, அங்கே பார்த்த பெரிய வாளைத் தனக்குத் தெரிந்த ஐரோப்பிய வாளின் பெயரால்தான் எழுதினார். அது கம்பிலானாக இருக்க வேண்டும் என்று பிற்பாடு ஆட்கள் ஊகிக்கிறார்கள். வெட்டியவர்களிடம் பெயர் கேட்க அவருக்கு அவகாசம் இருந்திருக்காது, அது சரிதான்.

ஆனால் அங்கே வந்த ஸ்பானியர் வாளோடு நிற்கவில்லை. ஆட்களுக்கும் பெயர் வைத்தார்கள். தங்கள் நாட்டில் தாங்கள் சண்டை பிடித்த முஸ்லிம்களின் பெயரையே தூக்கி இவர்கள் தலையிலும் போட்டார்கள்: மோரோ. போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்து நமக்குச் செய்ததும் அதுதான். இன்றைக்கும் ஆங்கிலப் பிறப்புச் சான்றிதழில் நாம் "மூர்". மொரோக்கோவை நானோ என் வாப்பாவோ கனவிலும் கண்டதில்லை. பிலிப்பைன்ஸ் முஸ்லிம்கள் அந்தப் பெயரைப் பிறகு தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 2019-இல் அமைந்த அவர்களின் தன்னாட்சிப் பிரதேசத்துக்குப் பங்சமோரோ என்றே பெயர். தோட்டத்து உறவுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் புதைந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பதிவேட்டில் "இந்தியத் தமிழர்" என்று எழுதுகிற ஊர் இது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்குக் கஸ்தானே பற்றிச் சொன்னேன். "மன்னாக்கத்தி" என்று சொன்ன பையனையும் எழுப்பினேன். அவன் பயந்துவிட்டான். "நீ சொன்னது பிழை. ஆனா மன்னாக்கத்தின்னா என்னன்னு எங்க யாருக்குத் தெரியும், சொல்லு" என்றேன். சொன்னான். தேங்காய் வெட்ட, வேலிக்குக் கம்பு வெட்ட, பலாக்காய் பிளக்க, அகலமான அலகு, பிடி மரம், தாத்தா கொய்யாக் கட்டையில் போட்டது. அரைப் பக்கத்துக்கு எழுதக்கூடிய விளக்கம். நான் கொடுத்த "வாள், எழுதிக்கொள்ளுங்கள்" என்பதை விட நூறு மடங்கு நல்ல விடை.

அன்றைக்கு வீட்டு வேலை கொடுத்தேன். உங்கள் வீட்டில் உள்ள வெட்டுகிற சாமான் எல்லாவற்றுக்கும் வீட்டில் என்ன பெயர், யார் பாவிப்பது, பிடி எதனால் ஆனது, யார் போட்டது, எழுதிக்கொண்டு வாருங்கள். சாமானைக் கொண்டுவரக் கூடாது, எழுத்து மட்டும். வந்த பட்டியலைப் பார்த்து அசந்துபோனேன். கவ்வாத்துக் கத்தி, பால்வெட்டுக் கத்தி, மன்னாக்கத்தி, கெத்த, அருவா, சொரண்டி, பாக்குவெட்டி. கவ்வாத்து வெட்டுகிற தகப்பனின் மகன் ஒருவன், அந்தக் கத்தியின் நுனி வளைவு ஏன் அப்படி இருக்கிறது, வாதை எந்தச் சரிவில் வெட்டினால் செடி தண்ணீர் தேங்காமல் துளிர்க்கும் என்று படம் போட்டு எழுதியிருந்தான். கணக்கில் அவனுக்கு முப்பது புள்ளி தாண்டாது.

ஒரு பிள்ளை தன் அப்பாயியின் பாக்குவெட்டியை வரைந்திருந்தது. பித்தளை. ஒரு கையின் நுனியில் கிளித் தலை, மூக்கு தேய்ந்துபோயிருக்கிறது. இந்தியாவில் இருந்து வந்தபோது கொண்டுவந்தது என்று வீட்டில் சொல்கிறார்களாம். சிங்கள வீடுகளிலும் இதே சாமான் இருக்கிறது, "கிரய" என்பார்கள், அதிலும் கிளியும் குதிரையும் பெண்ணுருவமும் செதுக்குவார்கள். அந்தப் பாக்குவெட்டி தஞ்சாவூர்க் கொல்லனுடையதா, கண்டிக் கொல்லனுடையதா? கிளியின் தலையைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எங்கேயாவது இருக்கலாம். அப்பாயிக்கு வயது எண்பத்திரண்டு.

இதுதான் என் கருத்து. வாள், கத்தி என்று இரண்டே சொல்லோடு நம் பிள்ளைகளை விடக் கூடாது. கவ்வாத்துக் கத்திக்கும் கஸ்தானேக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த பிள்ளை, தொலைக்காட்சியில் மேசை நிறையப் பரப்பிக் காட்டும்போது ஒவ்வொன்றாகப் பார்க்கும். நம் பெரியவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. முஸ்லிம்களும் பார்க்கவில்லை, நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேறு சாதியான், வேறு மதத்தான் வீட்டில் பொலிஸ் ஒன்றை எடுத்தால் நாமும் "வாள்தான் பிடிபட்டுச்சாம்" என்றுதான் சொல்லித் திரிந்தோம். தோட்டத்தில் சம்பளப் போராட்டம் நடந்த நாட்களில் பெரட்டுக் களத்துக்குக் கவ்வாத்துக் கத்தியோடு வந்தவனை "கத்தியோட வந்தான்" என்று கடைத்தெருவில் கதைத்தவர்கள் நாங்கள்தான். அவன் வேலைக்கு வந்த சாமான் அது.

ஆகவே ஒரு வேலை கேட்கிறேன். பெரிய பிள்ளைகள் சிலர் உதவிக்கு வந்திருக்கிறார்கள். பலாங்கொடை, இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் கடைத்தெருக்களிலும் உள்ள பழைய வெட்டுச் சாமான்களின் பெயர்களை மூன்று மொழியிலும் எழுதி ஒரு கொப்பியாக்கப் போகிறோம். லயத்தில் என்ன சொல்கிறார்கள், பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் என்ன சொல்கிறார்கள், நம் வீடுகளில் என்ன சொல்கிறோம் என்று. பிழையான பெயர் என்று எதையும் அடிக்க மாட்டோம், யார் சொன்னது என்று பக்கத்தில் எழுதுவோம்.

சாமானைக் கொண்டுவர வேண்டாம், படம் போதும். பழைய பொருள் வாங்குகிறோம் என்று வான் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2-க்கு முந்தியவற்றைத் தொல்பொருள் என்கிறது, பிறகு சிக்கல் உங்களுக்குத்தான். படம் எடுக்கும்போது அலகை மட்டும் எடுக்காதீர்கள், பிடியைக் கிட்டத்தில் இரண்டு பக்கமும் எடுங்கள். உறை இருந்தால் உறையையும். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வையுங்கள். பின்னூட்டத்தில் போடாமல் இன்பொக்ஸில் அனுப்புங்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் பெயரைக் கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். அந்த அப்பாயியைப் பார்க்க நான் வருகிற சனிக்கிழமை மேல் பிரிவு லயத்துக்குப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குக் கடைச் சந்தியில் நில்லுங்கள்.